நாலு பிளேடு கணக்கு

எங்க அப்பாவிடம் ஃபீலர் கேஜ் இருந்ததில்லை. திண்டுக்கல் டாக்ஸி ஸ்டாண்டில் அவருடைய மார்க் 2 அம்பாசடர் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் இழுத்தடித்தால், பானட்டைத் தூக்கி, டெல்கோ மூடியைக் கழற்றி, உப்புத்தாளால் பாயிண்டை இரண்டு இழு இழுப்பார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து நாலு பழைய ஷேவிங் பிளேடு வெளியே வரும். நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாயிண்டின் இடுக்கில் விட்டுப் பார்ப்பார். உரசிக்கிட்டுப் போகணும், சிக்கக் கூடாது. அதுதான் அளவு. "மூணு பத்தாது, அஞ்சு வெச்சா விட்டு விட்டு ஓடும்" என்பார்.

(இப்போது படிக்கிறவர்களுக்காக: டெல்கோ என்றால் டிஸ்டிரிபியூட்டர். அது ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பெயர். நம்ம ஊர்ப் பட்டறைகளில் பொருளுக்கே பெயராகிவிட்டது. அதற்குள் இருக்கும் இரண்டு சின்ன உலோக முனைகள்தான் பாயிண்ட். அவை பிரியும் கணத்தில்தான் பிளக்கில் பொறி வரும். எவ்வளவு பிரிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.)

எனக்கு அந்த நாலு பிளேடு ஒரு டிரைவரின் கைவாக்கு என்ற அளவில்தான் பட்டது. இன்ஜினியரிங் படித்தபோது உள்ளூர அதைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன்.

2013-ல் கம்பெனி என்னை இரண்டு வருஷத்துக்கு இங்கிலாந்துக்கு அனுப்பியது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே டிட்காட்டில் வாடகை வீடு. தெருக்கோடி வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜ் கதவு திறந்திருக்கும், உள்ளே கரும்பச்சையில் கூரையில்லாத சின்னக் கார் ஒன்று. ஒருநாள் பானட் திறந்திருந்தது. நடந்துபோனவன் நின்றுவிட்டேன். அந்த எஞ்சினை எனக்குத் தெரியும்!

"இது எங்க அப்பா டாக்ஸியோட எஞ்சின்" என்றேன். அவர் மரியாதையாகச் சிரித்தார். "இது எம்.ஜி.பி. 1966 மாடல். ஸ்போர்ட்ஸ் கார்" என்றார். நானும் விடவில்லை. கார்பரேட்டரும் சைலென்சர் குழாயும் ஒரே பக்கம், இடது பக்கம். டெல்கோவும் டைனமோவும் வலது பக்கம். மேலே நீளத் தகர மூடி. சின்ன வயசில் எத்தனை தடவை டார்ச் பிடித்திருப்பேன் அதன்மேல்! அவர் யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு புத்தகம் எடுத்து வந்தார். அதன் அட்டை முழுக்க கிரீஸ் விரல் ரேகை.

அன்று தொடங்கிய தேடல்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எஞ்சின். 1952-ல் ஆஸ்டின், மோரிஸ் என்ற இரண்டு பெரிய இங்கிலாந்துக் கார்க் கம்பெனிகள் ஒன்றாகி பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. எல்லா மாடலுக்கும் தனித்தனி எஞ்சின் செய்யக் கட்டுப்படியாகாது என்று சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று குடும்பம் வைத்துக்கொண்டார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு பி சீரீஸ் என்று பெயர். அதில் 1489 சி.சி. அளவுள்ள ஒன்று மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரில் போனது. அந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் சீரீஸ்தான் 1958-ல் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் அம்பாசடர் ஆனது. முதலில் பழைய சைடு வால்வு எஞ்சின். 1959-ல் இந்த 1489 சி.சி. வந்து உட்கார்ந்தது. அதே 1489 சி.சி. எஞ்சின், இரட்டை கார்பரேட்டரோடு, 1955-ல் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் போயிருந்தது. 1962-ல் அடுத்து வந்த எம்.ஜி.பி.க்காக அதைப் பெரிதாக்கி 1798 சி.சி. ஆக்கினார்கள்.

எப்படிப் பெரிதாக்கினார்கள் என்று பார்த்தால் அசந்துபோவீர்கள். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் ஒரே 88.9 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அங்குலம். சிலிண்டரின் அகலம் மட்டும் 73.025-லிருந்து 80.26 மில்லிமீட்டர் ஆனது. நம்ம பட்டறைப் பாஷையில் சொன்னால், போர் பெரிசு. ஆக, திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு ஆறு பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு முனகிப்போன எங்க வண்டியும், இங்கிலாந்து இளைஞர்கள் கூரையைக் கழற்றிவிட்டுப் பறந்த வண்டியும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள்.

இன்னும் ஒரு சுற்று உறவு உண்டு. எம்.ஜி. என்பது மோரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். வில்லியம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் வைத்திருந்த விற்பனை, ரிப்பேர் கடை அது. 1922-ல் அதற்கு மேனேஜரான செசில் கிம்பர், சாதாரண மோரிஸ் கார்களை எடுத்து அழகான பாடி கட்டி, எஞ்சினை முறுக்கேற்றி விற்க ஆரம்பித்தார். அதாவது எம்.ஜி. என்ற பிராண்டே ஒரு "ஆல்டரேஷன்" வேலையாகத் தொடங்கியதுதான். 1929-லிருந்து ஆபிங்டன் ஊரில் தொழிற்சாலை, என் டிட்காட் வீட்டிலிருந்து பக்கம். 1980-ல் மூடிவிட்டார்கள். அதோடு எம்.ஜி.பி.யும் நின்றது. அதுவரை 5 லட்சத்துக்கும் மேல் செய்திருந்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்கு.

இனி அந்த கிரீஸ் புத்தகம். அதை ஹேன்ஸ் மேனுவல் என்பார்கள். ஜான் ஹேன்ஸ் பிறந்தது 1938-ல், இலங்கையில். அப்பா தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். படிக்க இங்கிலாந்து போன பையன், பள்ளியில் இருக்கும்போதே ஒரு பழைய ஆஸ்டின் செவன் வாங்கிப் பிரித்து, அதைச் சின்ன ஸ்போர்ட்ஸ் காராக மாற்றிக் கட்டினான். கட்டிய விதத்தைக் குறிப்பேடாக எழுதி 1956-ல் 250 பிரதி போட்டான்; சில நாட்களில் தீர்ந்துவிட்டது. பிறகு விமானப்படை வேலை. 1965-ல் ஏடனில் இருந்தபோது உடன் வேலை பார்த்தவர் ஒருவர் பழைய ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் ஒன்றை வாங்கிவிட்டு, உதவி கேட்டு வந்தார். தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கும் பானட்டின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார் அது.

கம்பெனி மேனுவலைத் திறந்து பார்த்தார் ஹேன்ஸ். அது பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்காக எழுதியது. வீட்டு வாசலில் ஜாக்கியும் நாலு ஸ்பேனரும் வைத்திருக்கும் ஆளுக்கு அதில் வழி இல்லை. எனவே எஞ்சினைத் தாங்களே பிரித்து, ஒவ்வொரு படிக்கும் போட்டோ எடுத்து, திருப்பி மாட்டினார்கள். 1966-ல் அது புத்தகமாக வந்தது. முதல் பதிப்பு 3000 பிரதி. மூன்று மாதத்துக்குள் காலி. அதற்கப்புறம் எத்தனையோ கார்களுக்கு அதே முறை: ஒரு வண்டியை வாங்கு, முழுசாகப் பிரி, மாட்டு, அப்புறம்தான் எழுது. 2019-ல் அவர் காலமானபோது உலகமெங்கும் 20 கோடிக்கு மேல் பிரதிகள் விற்றிருந்தன.

என் பிழைப்பு சாஃப்ட்வேர். நான் எழுதும் டாக்குமெண்டேஷனில் பாதி, நானே ஒருமுறைகூட செய்து பார்க்காத படிகள். ஹேன்ஸைப் படித்தபிறகு கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன். அவர் புத்தகத்திலும் குறை உண்டு. கழற்றுவதைப் பத்துப் படியாக விளக்கிவிட்டு, மாட்டுவதற்கு "தலைகீழாகச் செய்" என்ற பொருளில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டிய எவரும் அந்த வரியைத் திட்டாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

முதல் ஞாயிறே நான் தேடிய பக்கம் எது என்று உங்களுக்குத் தெரியும். பாயிண்ட் இடைவெளி: 14-லிருந்து 16, ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில். மில்லிமீட்டரில் சுமார் 0.35-லிருந்து 0.40. ஒரு ஷேவிங் பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர். நாலு வைத்தால் 0.4. மூன்று பத்தாது. ஐந்து அதிகம்.

அன்று ராத்திரியே அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன், புத்தகத்திலும் உங்க அளவுதான் இருக்கு என்று. கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அந்தப் புத்தகக்காரனுக்கு யார்றா சொல்லிக் குடுத்தா?" என்றார்.

வாத்தியாரும் நானும் அந்த இரண்டு வருஷத்தில் செய்த வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது கார்பரேட்டர் டியூனிங். எம்.ஜி.பி.யில் எஸ்.யு. கார்பரேட்டர் இரண்டு. எஸ்.யு. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். செருப்பு வியாபாரக் குடும்பத்துச் சகோதரர்கள் கண்டுபிடித்தது. அதனால்தானோ என்னவோ, முதல் கார்பரேட்டருக்குள் தோல் துருத்தி வைத்திருந்தார்கள்! பின்னால் துருத்தி போய் உலோக பிஸ்டன் வந்தது. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க அந்த பிஸ்டன் மேலே எழும்பும், அதன் அடியில் இருக்கும் கூம்பு ஊசியும் கூடவே எழும்பும், பெட்ரோல் வரும் துளை அதற்கேற்றபடி திறக்கும். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று பார்க்க ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்பரேட்டர் வாயிலும் வைத்துக் கேட்கணும். உஸ்ஸென்ற சத்தம் இரண்டிலும் ஒன்றாக வரும்வரை திருகாணியைத் திருகணும். எனக்கு மூன்று ஞாயிறு ஆனது. அவர் ஐந்து நிமிஷத்தில் வைத்துவிடுவார். அப்பா ஸ்டெதஸ்கோப் மாதிரி ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்து எஞ்சினைக் கேட்பது ஞாபகம் வந்தது.

தவறும் செய்தேன். அந்த வண்டியில் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு, சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடிக்கு அடியில். சார்ஜ் போடக் கழற்றிய பேட்டரிகளைத் திருப்பி மாட்டியது நான். மைனஸ் என்றால் பாடிக்கு எர்த், பி.இ. படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? தெரியவில்லை. 1967 கடைசி வரைக்கும் எம்.ஜி.பி.யில் பிளஸ்தான் எர்த். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் ரேடியோவைத் திருகினேன். ஒரு சின்ன நாற்றம், அவ்வளவுதான். கரண்ட் தலைகீழாகப் போனால் டிரான்சிஸ்டர் பிழைக்காது. அது அவர் மனைவி அவருக்கு வாங்கிக் கொடுத்த ரேடியோ. அந்த அம்மா போய் ஆறு வருஷம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேட்டரியைச் சரியாக மாட்டிவிட்டு, டீ போடப் போனார். ரேடியோ இன்றைக்கும் டேஷ்போர்டில் பாடாமல் இருக்கிறது. அதற்கப்புறம் எந்த வண்டியைத் தொட்டாலும் முதலில் எர்த் எது என்று பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சும்மா ரிப்பேரோடு நிற்பதில்லை, மேம்படுத்தவும் செய்வார்கள். எம்.ஜி.பி. வரலாற்றில் இதன் உச்சம் கென் காஸ்டெல்லோ. 1970 வாக்கில் இந்த ரேஸ்காரர் பி சீரீஸைத் தூக்கிவிட்டு ரோவரின் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சினை உள்ளே வைத்தார். எட்டு சிலிண்டர், ஆனால் அலுமினியம், எனவே இரும்பில் செய்த பழைய நாலு சிலிண்டர் எஞ்சினின் எடைதான் ஏறக்குறைய வந்தது. முன்பக்கம் கனம் கூடாமல் வேகம் கூடியது. கம்பெனிக்காரர்கள் அவர் வண்டியை வரவழைத்துப் பார்த்தார்கள். 1973-ல் தாங்களே எம்.ஜி.பி. ஜி.டி. வி8 என்று இறக்கினார்கள். 2591 வண்டியோடு நின்றுவிட்டது. வெளியாள் செய்த ஆல்டரேஷனைத் தொழிற்சாலை காப்பியடித்த கதை இது.

எல்லாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பது, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், இப்படிச் சின்ன வேலைகள்தான் அதிகம். 1974-க்குப் பின் அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி வண்டியை ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். வளைவில் அது ஆட்டம் காட்டியது. அந்த மாடல் வாங்கியவர்கள் வீட்டிலேயே ஸ்பிரிங்கை மாற்றி இறக்கிவிட்டார்கள். சில மேம்பாடுகள் ஆசைக்கல்ல, கட்டாயத்துக்கு. 2000-க்கு முன் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்துக்கு ஒரு பூச்சு மாதிரி இருந்தது. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஈய பெட்ரோல் போனதும் பழைய ஹெட்டுகளில் வால்வு சீட் தேய ஆரம்பித்தது. ஹெட்டை இறக்கிக் கெட்டியான சீட் அடிக்கணும். இப்போது எத்தனால். பழைய ரப்பர் குழாய்களை அது அரித்துவிடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் குழாயை முதலில் மாற்றுங்கள், ஹெட்லைட்டெல்லாம் அப்புறம்.

துருதான் பெரிய எதிரி. எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுதான் முதுகெலும்பு. அது துருப்பிடித்தால் வெட்டி எடுத்துப் புதுசு வெல்டிங் செய்யணும். கதவு இடைவெளியில் குறுக்கே ஒரு கம்பியை முட்டுக்கொடுக்காமல் வெட்டினால் கூரையில்லாத வண்டி நடுவில் தொங்கிவிடும், அப்புறம் கதவு மூடாது. வாத்தியார் இதை ஒருமுறை அனுபவித்துக் கற்றவர். 1988-ல் ஒரு விசித்திரம் நடந்தது. பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் எம்.ஜி.பி.யின் முழு பாடியையும் புத்தம் புதுசாக அடித்து விற்க ஆரம்பித்தது. கார் உற்பத்தி நின்று எட்டு வருஷம் கழித்து!

ஒரு விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

எம்.ஜி.பி.யில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் பிரேக். பின் டிரம்மைக் கழற்றிய அன்று நான் வழக்கம்போலக் குனிந்து உள்ளே இருந்த தூசியை ஊதப் போனேன். வாத்தியார் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அதுவரை சத்தம் போட்டே பேசாதவர் சத்தம் போட்டார். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. முகமூடி போட்டு, தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியை மூடிய பையில் கட்டி எடுத்தார். இங்கிலாந்தில் கல்நாரை 1999-ல் முழுசாகத் தடை செய்தார்கள். இந்தியாவில் இன்றும் முழுத்தடை இல்லை.

எங்க அம்பாசடரில் நாலு சக்கரத்துக்கும் டிரம். அப்பா அதைக் கழற்றியதும் முதலில் செய்வது வாயால் ஊதுவது. அப்புறம் பனியன் வேஸ்ட்டால் ஒரு தட்டு. பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான். கடைசி சில வருஷம் அவருக்கு ஓயாத இருமல். 2017-ல் போய்ச் சேர்ந்தார். பீடியும் உண்டு, ரோட்டுப் புகையும் உண்டு. டாக்டர் எதுவும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் புத்தகம் இருந்திருந்தால் அந்த ஒரு பக்கமாவது அவருக்குக் கிடைத்திருக்கும் என்று தோன்றும். நாலு பிளேடு கணக்கைத் தானே கண்டுபிடிக்கும் கைக்கு, கண்ணுக்குத் தெரியாத தூசியைக் கண்டுபிடிக்க வழியில்லை.

பழைய வண்டியில் கை வைப்பவர்கள் தயவுசெய்து ஊதாதீர்கள். பட்டறையில் ஏர் அடிக்கும் பையனிடமும் சொல்லுங்கள்.

எங்க வண்டி 1973 மாடல். 2005-ல் பழைய இரும்பு எடைக்குப் போனது. 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது: முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது, வி.ஏ. எழுத்தோடு நம்பர் கிடைக்கும். கணக்குப் போட்டால் எங்க வண்டி 2023-ல் அந்த வரிசைக்கு வந்திருக்கும். அந்த விதிப்படி அதை டாக்ஸியாக ஓட்ட முடியாது, அது வேற விஷயம்.

அடுத்த குறிப்பு பட்டறைப் பெயர்களைப் பற்றி. டெல்கோ போல, ஒரு கம்பெனிப் பெயரோ தப்பாகக் கேட்ட ஆங்கிலச் சொல்லோ பொருளுக்கே பெயரானவற்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை திண்டுக்கல், கரூர்ப் பக்கத்து மெக்கானிக்குகள் சொன்னவை மட்டும்தான் கையில் இருக்கின்றன. உங்க ஊரில் வேறு பெயர் இருந்தால் எழுதுங்கள், எந்த ஊர் என்பதையும் சேர்த்து. பாயிண்டுக்கு பிளேடு வைத்தவர்கள் வேறு யாராவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால், எத்தனை பிளேடு என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.